ஒரு வீட்டுக்கு ஒரு சிம்

கதவோடு கதவாக ஒட்டி நின்றால் போனில் இரண்டு கோடு வந்தது. ஓரடி பின்னால் வந்தால் ஒன்றாகக் குறைந்தது. நர்ஸ் கையைக் காட்டுகிற அந்த நாற்காலி வரிசைக்குப் போய்விட்டாலோ சுத்தமாக இல்லை. டைலரம்மா போய்ப் போய் வந்து இதைச் சோதித்துப் பார்த்துவிட்டாள். அதனால்தான் அவசர சிகிச்சைப் பிரிவின் கதவில் தோளைச் சாய்த்து, போனைக் கண்ணாடிச் சதுரத்தோடு அழுத்திப் பிடித்தபடி நின்றாள். உள்ளே ஒரு திரைக்குப் பின்னால் அவள் கணவர் கிடந்தார். அவருடைய பேன்ட் பாக்கெட்டில் அவருடைய போன் இருந்தது. அதிலிருந்துதான் இவள் போனுக்கு நெட் வந்துகொண்டிருந்தது.

நர்ஸ் மறுபடியும் வந்தாள். சின்னப் பெண், உடுப்பின் கீழ்மடிப்பு ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. தன் கையிலிருந்த போனில் எதையோ பேசி, அதை டைலரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தயவுசெய்து ஒரு இருக்கையை எடுத்துச் செல்லுங்கள்" என்றது போன், செய்தி வாசிக்கிற குரலில்.

"எனக்கு நாற்காலி வேணாம்மா. நான் இங்கயே நிக்கிறேன். இங்கதான் சிக்னல் கெடைக்குது."

போன் அதை அந்த ஊர்ப் பேச்சாக மாற்றிச் சொன்னது. என்னவென்று சொல்லித் தொலைத்ததோ, நர்ஸின் முகம் இளகிவிட்டது. டைலரம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவை ஒட்டிப் போட்டாள். புருஷனை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் பாவம், என்று நினைத்திருப்பாள். அதுவும் பொய்யில்லை.

ஆஸ்பத்திரியில் வைஃபை இல்லாமல் இல்லை. உள்ளூர் நம்பர் கொடுத்தால் அதற்கு ஒரு ரகசிய எண் வரும், அதைப் போட்டால் திறக்கும். உள்ளூர் நம்பருக்கு இவர்கள் எங்கே போவார்கள்? வாங்கியிருக்கும் ஈசிம் நெட் மட்டும்தான் கொடுக்கும், நம்பர் கொடுக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த சிம்களுக்கு ரோமிங் போடவில்லை. விமானம் தரையை விட்டுக் கிளம்பிய நிமிஷத்திலிருந்து அவை வெறும் பிளாஸ்டிக் துண்டுகள்.

எல்லாம் கண்டக்டர் செய்த ஏற்பாடு. கண்டக்டர் என்றால் வீட்டுக்காரர். பஸ்ஸை விட்டு இறங்கி ஓய்வு பெற்றாலும் அந்தப் பேர் அவரை விட்டு இறங்கவில்லை. மகள்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்த வெளிநாட்டுப் பயணத்தைப் பதிவு செய்து கொடுத்தாள். கிளம்புவதற்கு முன்னால் ரெண்டு பேரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தாள்.

"ரோமிங் போட்டா பில்லு எக்கச்சக்கமா வரும்பா. ஈசிம் போட்டுக்கலாம். கையில சிம்மே இருக்காது, போனுக்குள்ளயே எறங்கிடும். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு போட்டுடறேன். அம்மா போன் பழசு, அதுல இது ஏறாது. அதுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிடலாம்."

"எதுக்கு? ஒரு வீட்டுக்கு எத்தன சிம்மு? எம்போன்ல போடு. ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணி விட்டுடறேன், அதுலேருந்து அவ எடுத்துக்கட்டும்."

"அப்பா, அது கொஞ்ச தூரந்தான் வரும். நீங்க நடக்கற நடைக்கு அம்மாவுக்கு நெட்டே இருக்காது."

"என்ன விட்டுட்டு உங்கம்மா எங்க போயிடப் போறா?" என்றார் கண்டக்டர். அதோடு பேச்சு முடிந்தது.

மகள் சொன்னதில் தப்பில்லை. கண்டக்டர் நடப்பதை நடை என்று சொல்ல முடியாது. ஓடுகிற பஸ்ஸில் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் போய்வந்த கால், தெருவில் இறங்கினால் நிற்காது. பின்னால் ஒருத்தி வருகிறாள் என்ற நினைப்பே இருக்காது. கடைக்கோ கல்யாணத்துக்கோ எங்கே போனாலும், அவர் போய்ச் சேர்ந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடிக்கும்போதுதான் இவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருவாள். எங்கே டைலரம்மாவைக் காணோம் என்று யாராவது கேட்டால், "பின்னாடி வண்டில வருது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

இங்கே வந்த முதல் நாளே அது நடந்தது. மேப்பைப் பார்த்துக்கொண்டே அவர் பாட்டுக்கு முன்னால் போய்விட்டார். இவள் போன் செத்தது. எந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரியவில்லை, பலகைகளில் ஒரு எழுத்தும் புரியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். வெகுநேரம் கழித்துக் கண்டக்டர் முகமெல்லாம் வெளுத்து, சட்டை நனைய ஓடிவந்தார். திட்டவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆளே மாறிப்போனார். நாலு எட்டு வைத்தால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "கிட்டக்க வா. நெட்டு கட்டாயிடும்" என்றார். இவள் வேண்டுமென்றே துணிக்கடைகளின் கண்ணாடி முன்னால் நின்று பொம்மைகளின் தையலைப் பார்த்தாள். அவர் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். ஆற்றுப் பாலத்தின் மேல் தோள் உரச நடந்தார்கள். கட்டிய பெண்டாட்டிக்காக மெதுவாக நடக்காத மனுஷன் ஒரு நெட்டுக்காக நடக்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல்தான். ஆனாலும் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. போனை ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்காமல் அப்படியே பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

இன்றைக்குக் காலையில் டிராம் நிறுத்தத்தில் கண்டக்டர், "கொஞ்சம் உட்காரலாமா?" என்று கேட்டார். வண்டி எதுவானாலும் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே வருகிற மனுஷன். உட்கார்ந்தவர் அப்படியே அவள் மேல் சாய்ந்தார். யாரோ ஓடிவந்தார்கள், யாரோ போன் செய்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. அவரைப் பின்னால் படுக்கவைத்து, அவளை டிரைவர் பக்கத்தில் ஏற்றினார்கள். முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் மகளைக் கூப்பிட்டாள். அப்போது கோடு நிறைய இருந்தது.

போன் கையில் அதிர்ந்தது. மகள்.

"அம்மா, மூஞ்சியக் காட்டும்மா. ஏன் கதவக் காட்டற?"

"இப்டி வெச்சாத்தான் கெடைக்குது. சொல்லு."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"போன வெச்சுதான் சொன்னாரு. இதயம் ரொம்பச் சோர்வா இருக்காம். நாங்க கடினமா உழைக்கிறோம்னாரு."

"உழைக்கிறாங்களா?"

"அந்த போன் அப்டித்தாண்டி சொல்லுது."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் வண்டிகள் போகிற இரைச்சல் கேட்டது. ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியவள் பாதி வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டியிருந்தாள். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது.

"நான் பேசணும்மா அப்பாகிட்ட. அவருக்குக் கேக்குமான்னு கேளு. நினைவு இல்லாட்டியும் காது கேக்கும்பாங்க. ஒரு நிமிஷம் விடச் சொல்லும்மா."

டைலரம்மா கண்ணாடியைத் தட்டினாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். இந்த முறை மொழிபெயர்க்கிற போன் எதுவும் தேவைப்படவில்லை. டைலரம்மா தன் போனின் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டிருந்த முகத்தை நர்ஸ் பார்த்தாள், உள்ளே போய் யாரிடமோ பேசினாள், வந்து கதவை அகலத் திறந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் போனதும் கோடுகள் நிறைந்துவிட்டன. கண்டக்டரின் சட்டையை நடுவில் வெட்டிப் பிரித்திருந்தார்கள். அவள் தைத்த சட்டை. பொத்தான்களைக் கழற்றக்கூட நேரமில்லையா என்றுதான் முதலில் தோன்றியது. பேன்ட்டையும் செருப்பையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிலின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார்கள். பைக்குள் போனின் வெளிச்சம் தெரிந்தது. வாயில் குழாய், மார்பில் ஒயர்கள். கண் மூடியிருந்தது. தூங்கும்போது எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கிற கண்.

அவள் போனை அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா. நாந்தாம்பா." மகளின் குரல் பெரிதாகக் கேட்டது. பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். "அப்பா, பயப்படாதீங்க. அம்மா பக்கத்துலதான் இருக்கா. நல்ல ஆஸ்பத்திரிதானாம், நான் பாத்துட்டேன். நான் கெளம்பி வந்துடறேன், டிக்கெட் பாத்துட்டு இருக்கேன். சும்மாப் படுத்திருங்க, எந்திரிச்சு நடக்கறேன்னு ஆரம்பிக்காதீங்க. அம்மாவால உங்க பின்னாடி ஓட முடியாதுப்பா."

டாக்டர் குனிந்து எதையோ பார்த்தார். நிமிர்ந்தார். நர்ஸ் எந்திரத்தைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். டைலரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே, எந்த மொழியும் இல்லாமலே புரிந்துவிட்டது. டாக்டர் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விரலை உதட்டில் வைத்துத் தலையை ஆட்டினாள். மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"சின்னப் புள்ளைல உங்க பஸ்லதான ஸ்கூலுக்கு வருவேன். பெத்த பொண்ணுன்னும் பாக்காம டிக்கெட் கிழிச்சு குடுப்பீங்க. நான் தூங்கிப்போயிட்டா ஸ்கூல் ஸ்டாப் வந்ததும் எழுப்பி விடுவீங்க. இப்ப நான் சொல்றேன். உங்க ஸ்டாப் இன்னும் வரலப்பா. எறங்கிடாதீங்க. எங்கயும் எறங்கிடாதீங்க. என்ன?"

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நர்ஸும் அசையவில்லை. மகள் பேசி முடிக்கும் வரை அந்தத் திரைக்குள் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அம்மா? கேட்டாராம்மா?"

டைலரம்மா போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். "கேட்டாரு."

"கண்ணத் தொறந்தாரா?"

"நீ எங்க நிக்கற இப்ப?"

"ரோட்டோரம்தான். பாலத்துக்குக் கீழ."

"மொதல்ல வீட்டுக்குப் போ. மெதுவா ஓட்டு. வீட்ல போய் உக்காந்துட்டு என்னக் கூப்பிடு."

"என்னம்மா, ஏன் ஒரு மாதிரி பேசற?"

"எனக்குக் காலு வலிக்குதுடி. நின்னுட்டே இருக்கேன்ல? நீ போ பாப்பா. வண்டில போகும்போது போன எடுக்காத."

மகள் சரி என்றாள். போன் திரை இருண்டது. ஓடுகிற வண்டியில் இருப்பவளிடம் சொல்லக்கூடாது. அது ஒன்றுதான் அவள் மனசில் நின்றது. வீட்டுக்குப் போகட்டும், உட்காரட்டும், அப்புறம் சொல்லலாம். வேறு யார் மூலமாகவும் அது போய்ச் சேரக்கூடாது. நானே, என் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

குழாய்களை எடுத்தார்கள். ஒயர்களை எடுத்தார்கள். வெட்டுப்பட்ட சட்டையின் இரண்டு பாதிகளையும் அவள் இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துவைத்தாள். கைவசம் ஒரு ஊக்குக்கூட இல்லை. மேலே போர்வையைப் போர்த்தினார்கள், முகத்தை மட்டும் அவளுக்காக விட்டுவைத்தார்கள். நாற்காலி உள்ளே வந்தது. இந்த முறை யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதிலுமா முன்னால் போகணும்? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? பாஷை தெரியாத ஊரில், டிராம் எங்கே ஏறுவது என்றுகூடத் தெரியாதவளை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டு? தங்கியிருக்கும் அறையின் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. "நல்லா இருக்குங்க" என்று அவரிடம் சொன்னாள். "நல்லா இருக்கு நீங்க பண்றது."

பிறகு போனைப் பார்த்தாள். கோடுகள் நிறைந்திருந்தன. மனுஷன் போன பிறகும் அவர் பையிலிருந்து இவளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையைப் போர்வைக்குள் தேடி எடுத்துப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது. அப்போதுதான் அழுதாள், சத்தம் வராமல், பக்கத்துத் திரைக்காரருக்குத் தொந்தரவு இல்லாமல்.

நர்ஸ் வந்து பையைக் கையில் எடுத்தாள், ஒரு நம்பர்ச் சீட்டை ஒட்டினாள், பையின் வாயைச் சூடுவைத்து ஒட்டும் கருவியால் அழுத்தி மூடினாள். டைலரம்மா எழுந்துவிட்டாள். "அந்த போன மட்டும் குடும்மா. எம்பொண்ணு கூப்பிடுவா."

நர்ஸின் போன் பேசியது. "பொருட்கள் உடலுடன் பயணம் செய்கின்றன. கீழே அலுவலகத்தில் கையொப்பத்திற்குப் பிறகு உங்களுக்குச் சொந்தம்."

"எனக்கு இப்பவே வேணும். அதுலதான் நெட் வருது. இப்ப கூப்பிடுவா."

"மன்னிக்கவும். வெளிநாட்டவருக்கு இது விதி" என்றது போன். நர்ஸின் கண்கள் நிஜமாகவே மன்னிப்புக் கேட்டன. பை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தது. இரண்டு ஆட்கள் வந்து சக்கரங்களின் பூட்டைக் காலால் தட்டி விடுவித்தார்கள். முகத்தை மூடினார்கள். கட்டில் நகர்ந்தது.

டைலரம்மா கூடவே நடந்தாள். நீளமான தாழ்வாரம். அந்த ஆட்கள் வேகமாகத் தள்ளவில்லை, ஆனாலும் அவள் நடையை எட்டிப் போட வேண்டியிருந்தது. ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் போடாத சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.

மகள் கூப்பிட்டாள்.

"வந்துட்டேம்மா. வீட்லதான் இருக்கேன்." ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பின்னால் இவர்கள் வீட்டுக் கூடத்தின் பச்சைச் சுவர் தெரிந்தது.

"உக்காந்திருக்கியா?"

"உக்காந்திருக்கேன். எங்கம்மா நடந்துட்டு இருக்க?"

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன். அப்பாவ ரூமுக்கு மாத்திட்டாங்களா?"

டைலரம்மா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை இரண்டுதான். அதற்குப் பதிலாக, "பக்கத்து வீட்டு அக்கா இருக்காங்களா? வரச் சொல்லு. ஒத்தையா இருக்காத" என்றாள்.

"எதுக்கும்மா?"

"சும்மாத்தான். வரச் சொல்லேன்."

"அம்மா, எதுக்குன்னு சொல்லு. அம்மா, என்னப் பாரு."

தாழ்வாரம் முடிந்தது. லிஃப்ட் திறந்து காத்திருந்தது. ஆட்கள் கட்டிலை உள்ளே தள்ளினார்கள். கட்டிலும் அவர்கள் இருவரும் போக உள்ளே ஓர் ஆள் நிற்கக்கூட இடமில்லை. ஒருவன் அவள் விரல்களைக் கம்பியிலிருந்து மெதுவாக விடுவித்தான். கீழே என்று விரலால் காட்டினான், பக்கத்திலிருந்த படிக்கட்டைக் காட்டினான். பொத்தானை அழுத்தினான்.

கதவுகள் நகரத் தொடங்கின. போர்வையின் ஓரமும், அதன் மேல் அந்தப் பையும் தெரிந்தன. நாலு கோடு. மூன்று.

"அப்பா போயிட்டாரும்மா" என்றாள் டைலரம்மா, ஒரே மூச்சில், சத்தமாக.

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது.

போனில் கோடு ஒன்றுகூட இல்லை. மகளின் படம் அப்படியே நின்றுபோயிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கை நெற்றி முடியை ஒதுக்கப் போய்ப் பாதியில் நின்றிருந்தது. கேட்டுவிட்டவளின் முகமா, இன்னும் எதையோ கேட்க வருகிறவளின் முகமா என்று டைலரம்மா உற்று உற்றுப் பார்த்தாள். பெற்றவளுக்கே தெரியவில்லை. "பாப்பா" என்றாள். "பாப்பா, கேட்டுச்சா?"

இரண்டு நர்ஸுகள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டைலரம்மா மூடிய கதவுக்கு நேராக நின்று, போனைத் தலைக்கு மேல் எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கிப் பிடித்தாள்.